ஊதுகிறவரும் உருவாக்குகிறவரும்

பலூன் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி: வாயால் ஊதாதீர்கள், பம்ப் பயன்படுத்துங்கள். தொண்டையில் சிக்கிவிடும் என்ற அச்சம் மட்டுமல்ல அதற்குக் காரணம். ரப்பர் பாலுக்கு இழுவைத்தன்மை வரக் கந்தகத்தோடு டைதயோகார்பமேட் போன்ற வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள். அவற்றில் சில சிதைந்து நைட்ரோசமைன்களாக மாறுகின்றன. இவற்றில் பல, புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளிலிருந்து இவை கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கசியக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பிறந்தநாளுக்கு நாலு பலூன் ஊதும் பிள்ளையை நினைத்து நான் பதறவில்லை. என் மனம் போவது, அந்தப் பாலைக் கலக்கி, அச்சை முக்கி, சூட்டில் பதப்படுத்தி, நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளியிடம். ரப்பர் உற்பத்தி வேலையையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. ஆபத்தான நைட்ரோசமைனைத் தராத மாற்றுப் பொருள்கள் இருக்கின்றன. வெந்நீரில் நன்றாக அலசினால் மிச்ச ரசாயனமும் குறையும். விலை கொஞ்சம் கூடட்டும். வாங்குகிறவருக்கு எச்சரிக்கை அச்சிடும் நிறுவனங்கள், செய்கிறவருக்குக் காற்றோட்டமும் முகக்கவசமும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் தரக் கடமைப்பட்டவை.