தலைக்கட்டில் சேராதவர்கள்

ஷப்னம் மௌசியின் வெற்றியை 'வேடிக்கை வாக்கு' என்று எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் படித்தவர்கள். அந்த வாக்கை அளித்தவர்களோ மத்தியப் பிரதேசத்தின் கிழக்கே, ஷாடோல் மாவட்டத்தில், பழங்குடியினர் மிகுந்து வாழும் சோகாக்பூர் தொகுதியின் ஏழை மக்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே இடைத்தேர்தல் வந்தது. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வேட்பாளர்களை நிறுத்தின. இரு கட்சியினரையும் ஒதுக்கிவிட்டு, சுயேச்சையாக நின்ற ஒரு திருநங்கையை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். இந்திய நாட்டில் சட்டமன்ற உறுப்பினராகப் பதவியேற்ற முதல் திருநங்கை அவரே. 2003 வரை அப்பொறுப்பில் இருந்தார். 'மௌசி' என்றால் தாயின் சகோதரி. நம் ஊர் வழக்கில் சித்தி. முறை வைத்து அழைத்து வாக்களித்த மக்களின் தீர்ப்பை வேடிக்கை என்று தள்ளிவிடும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

வேடிக்கையை ஒருமுறை செய்யலாம். ஏறத்தாழ அதே காலத்தில் அதே மாநிலத்தின் கட்னி நகரம் கமலா ஜானை மேயராக்கியது. 2000 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் ஆஷா தேவியை மேயராக்கியது. 2015 ஜனவரியில் சத்தீஸ்கரின் ராய்கர் நகரம், ரயிலில் பாடியும் ஆடியும் பிழைத்துவந்த மது கின்னரை, ஆளுங்கட்சி வேட்பாளரைவிட 4,537 வாக்குகள் மிகுதியாக அளித்து மேயர் நாற்காலியில் அமர்த்தியது. நான்கு ஊர்கள் பதினைந்து ஆண்டுக்காலம் ஒரே வேடிக்கையைச் செய்தன என்று நம்புவதற்குப் பெரிய விசுவாசம் வேண்டும். அவ்வளவு விசுவாசம் என்னிடம் இல்லை.

இந்த வெற்றிகள் எந்த நிலத்தில் முளைத்தன என்பதையும் பார்க்கவேண்டும். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவின் சில பகுதிகளில் இம்மக்களுக்கெனத் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னது. அரசாங்கம் அவர்களுடைய பெயரை முதன்முதலாக எழுதிவைத்தது காவல்துறையின் ஏட்டில்தான். வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கு 1994-இல் வழி பிறந்தது. அப்போதும் ஆண் என்றோ பெண் என்றோதான் பதிவுசெய்ய முடியும். 'இதரர்' என்னும் பிரிவைத் தேர்தல் ஆணையம் ஏற்படுத்தியது 2009-இல். அப்படியானால், வாக்குரிமை பெற்ற ஆறே ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர் சட்டமன்றத்தில் அமர்ந்துவிட்டார்! இதைக் கண்டு வியக்காமல் சிரித்தோம் என்றால், குறை சோகாக்பூரில் இல்லை.

கமலா ஜானுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. கட்னியின் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தோற்றவர் தரப்பு வழக்குக்குப் போயிற்று. சட்டத்தின் பார்வையில் அவர் ஆண். பெண்களுக்குரிய இடத்தில் அவர் நின்றதே தவறு என்று கூறி நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 2003-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நகர நிர்வாகத்தில் அவர் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று அந்த வழக்கில் எவரும் ஆராயவில்லை. ஆராயப்பட்டது உடல். ஒவ்வொருவரும் தம் பாலின அடையாளத்தைத் தாமே உரைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. கட்னிக்கு அந்தத் தீர்ப்பு பதினோர் ஆண்டுகள் பிந்தி வந்தது.

ஏளனம் செய்தவர்களைவிடப் பாராட்டியவர்களிடம் எனக்கு அதிக வழக்கு உண்டு. 'இவர்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. யாருக்குச் சொத்துச் சேர்க்கப் போகிறார்கள்? ஆகவே ஊழல் செய்யமாட்டார்கள்' என்பதே அன்றைய தேர்தல் மேடைகளில் முழங்கிய வாதம். வேட்பாளர்களே அதைச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். கேட்டவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. உலகம் இழிவென்று சொன்னதையே தகுதியாக எடுத்து நீட்டினார்கள். ஆனால் அதை மெய்ம்மறந்து எழுதிய அறிவாளிகளைச் சும்மா விடமுடியாது. ஒருவரை வீட்டைவிட்டுத் துரத்தி, உறவை அறுத்து, பெற்ற தாயின் சாவுக்கும் வரவிடாமல் தடுத்துவிட்டு, 'உனக்குக் குடும்பம் இல்லாதது நாட்டுக்கு எவ்வளவு நல்லது பார்த்தாயா' என்று தட்டிக்கொடுப்பதற்குப் பெயர் பாராட்டா? பிள்ளையில்லாதவன் பிறர் பொருளைத் தொடமாட்டான் என்பது மெய்யானால், துறவறத்தார் நடத்தும் நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கையே வேண்டியதில்லை. மறைமாவட்டப் பொருளாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பிள்ளை இல்லாவிட்டால் தம்பி மகன் இருக்கிறான், தங்கை மகள் இருக்கிறாள். அவர்களும் இல்லாவிட்டால், தன் பெயரைக் கல்லில் பொறித்துக் கட்டடம் எழுப்பும் ஆசை இருக்கிறது. நேர்மை வேறிடத்திலிருந்து வருகிறது.

அந்தப் பொய்யான புகழ்ச்சியை உடைக்க ஓர் அயல்நாட்டுக் காட்சி உதவும். ஆசியாவில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு பிலிப்பைன்சு. அதன் நாடாளுமன்றக் கீழவைக்கு 2016 மே மாதம் பதான் மாகாணத்தின் முதல் மாவட்டத்திலிருந்து ஜெரால்டின் ரோமன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாட்டு நாடாளுமன்றம் கண்ட முதல் திருநங்கை அவர். இவருக்குக் குடும்பம் இல்லையா? இருக்கிறது, அதுவும் அரசியல் குடும்பம்! அதே தொகுதியில் முன்பு தந்தை உறுப்பினர், பிறகு தாய் உறுப்பினர், அதன்பின் இவர். குடும்பம் அவரைத் தள்ளிவிடவில்லை, தாங்கிப் பிடித்தது. அதனால் தொடர்ந்து மூன்று முறை வென்று, 2025 வரை அவையில் இருந்தார். வாரிசு அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. எனினும், குடும்பம் ஏற்றுக்கொண்டால் ஒரு திருநங்கை எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

அவையில் அவர் செய்தவற்றையும் பார்ப்போம். பாலின அடையாளத்தின் பெயரால் வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவுக்காக வாதாடினார். 2017 செப்டம்பரில் கீழவையில் அது ஒரு வாக்குகூட எதிர்ப்பின்றி நிறைவேறியது, மேலவையைக் கடக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் மரண தண்டனையை மீட்கும் மசோதா வந்தபோது ஆதரித்து வாக்களித்தார். அந்நாட்டு ஆயர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நானும் ஆயர்களின் பக்கமே. அவர் அன்று செய்தது தவறு என்று தயங்காமல் சொல்வேன். இப்படிச் சொல்லும்போது அவருடைய உடலைப் பற்றி எனக்கு நினைவே வருவதில்லை. வேறெந்த உறுப்பினரையும் கண்டிப்பதுபோலவே அவரையும் கண்டிக்கிறேன். சோகாக்பூர் உறுப்பினர் தம் தொகுதிக்குச் செய்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து இப்படி ஒரு கண்டனக் கட்டுரை அன்று வந்திருந்தால், அதுவே அவருக்குக் கிடைத்த உண்மையான மரியாதையாக இருந்திருக்கும். அவரைப் பற்றி வந்த திரைப்படமும் செய்திகளும் அவர் யார் என்பதைச் சொல்லி மாளவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழர்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் பெருமை அதிகம். தொல்காப்பியர் இம்மக்களை உயர்திணையில் வைத்தே இலக்கணம் செய்தார் என்கிறோம், உண்மைதான். ஈராயிரம் ஆண்டு இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் கைதட்டி வருகிறவரைக் கண்டதும் 'அது வருது' என்று அஃறிணையில் பேசுகிறோம். நலவாரியம் என்கிறோம், 2008-இல் நாட்டிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு. 'திருநங்கை' என்னும் நல்ல சொல்லை அரசாணையில் ஏற்றியதும் நாம். மாநிலங்களவையில் இவர்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து 2015 ஏப்ரலில் நிறைவேறச் செய்தவர் நம் திருச்சி சிவா. இவை யாவும் மெச்சத்தக்கவையே. ஆனால் 1952 முதல் 2021 வரை நடந்த ஒரு பொதுத்தேர்தலிலாவது தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கு ஒரு திருநங்கை தேர்ந்தெடுக்கப்பட்டாரா? இல்லை. நலவாரியமும் புதுச்சொல்லும் இல்லாத சோகாக்பூர் 2000-இலேயே செய்ததை, இரண்டும் கண்ட நாம் செய்யவில்லை. பெயர் கொடுத்தோம், உதவித்தொகை கொடுத்தோம், தையல் இயந்திரம் கொடுத்தோம். கொடுக்கிறவனுடைய கை எப்போதும் மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

கட்சிகள் வாய்ப்பளிக்கும் விதத்தைப் பாருங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் மதுரையில் பாரதி கண்ணம்மா தனித்தே நிற்கவேண்டியிருந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஒரு திருநங்கையை நிறுத்தியது. எங்கே? அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா போட்டியிட்ட இராதாகிருஷ்ணன் நகரில்! தோற்பதற்கென்றே ஓர் இடம் தேடினால் அதைவிடப் பொருத்தமான தொகுதி கிடைத்திருக்காது. வெல்லக்கூடிய இடம் கொடுத்தால் வெல்கிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. 2020 ஜனவரியில் வாக்கு எண்ணப்பட்ட ஊராட்சித் தேர்தலில் திருச்செங்கோடு ஒன்றியத்தில் ரியாவும், 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37-ஆவது வார்டில் கங்காவும், தி.மு.க. வேட்பாளர்களாக நின்று வென்றார்கள். கங்கா அக்கட்சியில் நெடுங்காலம் உழைத்தவர். உழைத்த தொண்டருக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்தது. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 22,364 பேரை இப்பிரிவில் எண்ணியது. எண்ணிக்கை சிறிது, ஆகவே பிரதிநிதி எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: சோகாக்பூரிலும் வேலூரிலும் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் திருநங்கையர் அல்லர். குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் வேண்டி நின்ற ஆண்களும் பெண்களுமே. ஒரு சாதியாருக்கு அந்தச் சாதியாரே வாக்களிக்கவேண்டும் என்று பழகிப்போன நமக்கு இது விளங்கச் சிறிது நேரம் பிடிக்கும்.

நியமனம் செய்தால் போதாதா என்பாரும் உளர். நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தகுதிக்குக் கிடைத்த இடம். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க 2025-இல் சட்டம் வந்தது; நல்லது. திருநங்கையருக்கும் அப்படியொரு சட்டம் வந்தால் எதிர்க்கமாட்டேன். ஆனால் நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்குக் கடன்படுகிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தெருவுக்குக் கடன்படுகிறார்.

இனி நம்மவரின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். 'சாமியார் இப்படி எழுதலாமா? திருச்சபையின் போதனை என்ன?' போதனையை நான் மறைக்க வரவில்லை. 2024 ஏப்ரலில் வெளிவந்த வத்திக்கான் அறிக்கை, மனித உடல் கடவுளின் கொடை என்றும், பாலின மாற்றச் சிகிச்சை மனித மாண்பைப் பாதிக்கும் ஆபத்துடையது என்றும் கூறுகிறது. அதே அறிக்கை தொடங்குவதோ, எந்நிலையிலும் எவரிடமிருந்தும் பறிக்கமுடியாத மாண்பு என்னும் அடித்தளத்திலிருந்து. 2023 அக்டோபரில் அதே திருப்பீடத் துறை, இத்தகையோர் திருமுழுக்குப் பெறலாம் என்றும், பொது இடறலுக்கு இடமில்லாதவாறு சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராகவும் நிற்கலாம் என்றும் விடையளித்தது. சிகிச்சை பற்றிய அறநெறிக் கேள்வி வேறு. ஊராட்சியிலும் பேரவையிலும் அமரும் உரிமை வேறு. வட்டிக்கு விடுகிறவரும், ஆற்று மணலை அள்ளித் தாமிரபரணியைக் குழியாக்கியவரும் வாக்குக் கேட்டு வரும்போது கோவில் வாசலில் சால்வை போர்த்துகிறோமே, அங்கே இந்த அறநெறி எங்கே போயிற்று?

இணைச்சட்ட நூல் அண்ணகரை ஆண்டவரின் திருப்பேரவைக்குள் விடக்கூடாது என்றது. இறைவாக்கினர் எசாயா அந்தக் கதவைத் திறந்தார். புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரை ஆண்டவர் அவர்களுக்குத் தருவதாக உரைத்தார். எசாயாவின் சுருளையே வாசித்துக்கொண்டு தேரில் போன எத்தியோப்பியர் ஓர் அண்ணகர். அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பான அமைச்சரும்கூட. பிலிப்பு அவரிடம் மருத்துவச் சான்று கேட்கவில்லை, தண்ணீரில் இறங்கினார். அண்ணகரும் திருநங்கையரும் ஒன்றல்லர் என்பதை அறிவேன். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் என்ற அளவில் மட்டுமே ஒப்பிடுகிறேன்.

வாசல் நம்முடையதாகவும் இருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழா வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிப்பார்கள். வரி கொடுத்த தலைக்கட்டுக்கே நிர்வாகக் குழுவில் நிற்கவும் வாக்களிக்கவும் உரிமை. அவ்வூரில் பிறந்து, திருமுழுக்கும் பெற்ற ஒரு திருநங்கை, தனியாக வீடு கட்டி, எல்லாரையும்போல வரியை எடுத்துவந்து நீட்டினார். பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் வரி நோட்டில் எழுதவில்லை. நன்கொடை நோட்டில் எழுதினார்கள். அவர் கேட்டது இவ்வளவே: 'நான் வரிதானே சாமி கொடுத்தேன்? நன்கொடை கொடுக்க நான் என்ன வெளியூரா?' நன்கொடையாளருக்குப் பூமாலை உண்டு, வாக்கு கிடையாது. பூமாலை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு திருவிழாக்கள் கடந்து, மூன்றாம் ஆண்டில், கூட்டத்தில் பெருஞ்சத்தம் எழுந்த பிறகே அவர் பெயர் வரி நோட்டில் ஏறியது. கோவில் இடிந்து விழவில்லை. அவ்வாண்டு கல்லறைத் தோட்டத்துச் சுவர் பற்றி அவர் கேட்ட கணக்குக்குத்தான் குழுவினரால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டுகள். பேட்டையும் அதற்குள்தான். அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாராகும்போது, கட்சிக்காரர்கள் நம் பங்குப் பெரியவர்களிடமும் வந்து 'உங்க ஆளுக யாரு நிக்கலாம்?' என்று கேட்பார்கள். கேட்காத தேர்தல் இல்லை. அந்தப் பேச்சில் ஒரு திருநங்கையின் பெயரையும் சொல்வதற்கு நம்மில் எத்தனை பேர் வாயைத் திறப்போம்? தோற்கும் வார்டைக் காட்டினால், வேண்டாம், வெல்லும் வார்டைக் கொடுங்கள் என்று சொல்ல எத்தனை பேர் இருப்போம்?