சலங்கைக்கு மூன்றாண்டுத் தவணை

ஆண்டு விழாவில் நாங்கள் ஆடினால் அரங்கம் அதிரக் கைதட்டுகிறார்கள். அந்த ஆடலையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறோம் என்றாலோ, வீடே அதிர்கிறது! பள்ளியில் பெருமையாக இருந்த கலை, கல்லூரி வாசலில் பாரமாகிவிடுவது ஏன்?

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கச்சேரி மாதந்தோறும் வராது. வீட்டு வாடகை தவறாமல் வரும். ஆனால், கலை என்றதும் மேடை நடுவே நிற்பவரை மட்டுமே எண்ணுகிறோம். நட்டுவாங்கம் செய்பவர், வயலின் வாசிப்பவர், ஒப்பனை செய்பவர், விளக்கொளி அமைப்பவர், நடன ஆசிரியை ஆகிய அனைவரும் கலையால் வாழ்பவர்களே அல்லவா?

கற்க இடமும் உண்டு. ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா சென்னையில் இருக்கிறது. திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியில் பரதமும் இசையும் பட்டப்படிப்புகளாகவே உள்ளன. நாடகத்தை நாடுவோர்க்குப் புதுதில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1959 முதல் இயங்கி வருகிறது.

வேறு பட்டம் படிப்பவர்களும் கலையைக் கைவிட வேண்டியதில்லை. கல்லூரி நாடகக் குழுவில் சேரலாம். ஒரு நாள் திரைக்குப் பின்னால் நின்று உழைப்பைப் பார்க்கலாம். கலைஞர்களிடம் வரவு செலவைக் கூசாமல் கேட்கலாம். வானொலியின் குரல் தேர்வை எழுதிப் போட்டு முயலலாம். நமக்கு ஒத்து வராது என்று தெரிந்தாலும் நட்டமில்லை. சபைக்கு அஞ்சாத நெஞ்சும் தெளிந்த குரலும் வகுப்பறையிலும் வழக்குமன்றத்திலும் கைகொடுக்கும்.

அன்புப் பெற்றோரே! சலங்கையைப் பரணில் போடச் சொல்லுமுன் மூன்றாண்டுத் தவணை தாருங்கள். விடியற்காலைச் சாதகத்தை ஒருநாளும் விடாமல் செய்வது எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் விட்டுவிட்டால், பரணுக்கு ஏணியை நாங்களே எடுத்து வருகிறோம்.