அங்கியும் அரியணையும்

1996ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆப்கானிஸ்தானத்தின் காந்தகார் நகரிலே, ஒரு கட்டடத்தின் மேற்றளத்தில் முல்லா உமர் என்பார் மக்கள் திரள்முன் தோன்றினார். அவர் கையில் ஒரு பழைய அங்கி இருந்தது. நபிகள் நாயகம் அணிந்ததென அந்நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் அங்கி அது. அதன் கைகளினூடே தம் கைகளைச் செலுத்தி அவர் உயர்த்திக் காட்டியபோது, கீழே நின்றோர் தலைப்பாகைகளை வீசியெறிந்து ஆர்ப்பரித்தனர். 'அமீருல் முஃமினீன்', அதாவது விசுவாசிகளின் தலைவர், என்னும் பட்டம் அன்று அவருக்குச் சூட்டப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் காபூல் அவர் படைகளிடம் வீழ்ந்தது. பெண்பிள்ளைகளின் பாடசாலைகள் மூடப்பட்டன. பெண்கள் தொழிலிலிருந்து விரட்டப்பட்டனர்.

அங்கிக்கும் பாடசாலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே நமது வாதம்.

புனிதச் சின்னங்களில் 'பறக்கத்' தேடுவதை நாம் எள்ளி நகையாட வரவில்லை. இறுதி ஹஜ்ஜின்போது நாயகத்தின் தலைமுடி களையப்பட்டதையும், அது தோழர்களிடையே பங்கிடப்பட்டதையும் ஹதீஸ் நூல்களே கூறுகின்றன. அன்புக்குரியவர் விட்டுச் சென்ற பொருளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மனித இயல்பு. அதே வேளையில், அன்பு அறிவை விழுங்கிவிட வேண்டியதில்லை என்பதற்கும் அம்மரபிலேயே சான்றுண்டு. கஃபாவின் கறுப்புக்கல்லை முத்தமிட்ட கலீபா உமர், அக்கல் நன்மையோ தீமையோ செய்ய வல்லதன்று என்பதைத் தாம் அறிவதாகவும், நாயகம் முத்தமிட்டதைக் கண்டமையாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் வெளிப்படையாகவே சொன்னார். அன்பும் தெளிவும் ஒரே வாயில் வந்தன.

ஏழை மக்கள் இச்சின்னங்களை நாடிச் செல்வதற்குரிய காரணத்தையும் நாம் அறிவோம். 1930-களில் காந்தகாரில் வாந்திபேதி பரவியபோது இதே அங்கி வெளியே கொண்டுவரப்பட்டதென்பர். நல்ல குடிநீர் இல்லாத ஊரில், வைத்தியசாலை எட்டாத ஊரில், சாகக் கிடக்கும் பிள்ளையை மடியில் ஏந்திய தாய் எதைத்தான் பற்றிக்கொள்வாள்? அவள் நீட்டிய கையை மூடநம்பிக்கையின் கை என்று சொல்லி ஒதுக்குவது எளிது. அக்கையைப் பற்றித் தூக்க வேறொரு கை ஏன் நீளவில்லை என்று கேட்பதே நமது கடன்.

ஆனால், அரசன் நீட்டும் கை வேறு. அதன் வரலாறும் வேறு. கஅப் இப்னு சுஹைர் என்னும் கவிஞருக்கு நாயகம் தமது போர்வையை அன்பளிப்பாகப் போர்த்தினார் என்பது மரபு. அக்கவிஞரின் வாரிசுகளிடமிருந்து அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர், உமையா அரச வமிசத்தைத் தாபித்த முஆவியா என்பர். கவிஞனுக்குக் கிடைத்த பரிசு இவ்வாறு மன்னரின் உடைமையாயிற்று. பின்னர் அப்பாசியர் தம் ஆட்சியுரிமைக்கு அடையாளமாக நாயகத்தின் போர்வையை அணிந்தனர். துருக்கிச் சுல்தான்கள் அத்தகைய போர்வையொன்றைத் தொப்காப்பி அரண்மனையில் வைத்துக் காத்தனர். காந்தகாரின் அங்கியும் இவ்வழியில் வந்ததே. ஆப்கான் அரசை நிறுவிய அகமது ஷா துர்ரானி 1768இல் புகாராவிலிருந்து அதனைப் பெற்றான். இதுபற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதையொன்று சுவையானது. இரவலாகக் கொடுத்தால் திரும்பி வராது என்று காவலர் அஞ்சினராம். அவன் அருகே கிடந்த ஒரு பாறாங்கல்லைக் காட்டி, இக்கல்லை விட்டு அங்கியைத் தூரக் கொண்டு போகேன் என்று வாக்களித்தானாம். அதன்பின் அக்கல்லையும் பெயர்த்துக்கொண்டு காந்தகார் சென்றானாம். மக்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் இக்கதையில் அரசியல் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாக்கும் தவறவில்லை, களவும் நடந்தது.

புத்தரின் தந்தத்தை வைத்திருப்பவனே இந்நாட்டை ஆள உரியவன் என்னும் மரபைக் கண்ட இலங்கையர் நாம். இச்சூத்திரம் எந்த ஒரு மதத்துக்கும் தனியுரிமையானதன்று என்பது நமக்கு நன்கு விளங்கும்.

முல்லா உமரின் செயலிலே உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். ஒரு துணியை உயர்த்தித் தலைவரானவர், 2001 மார்ச் மாதத்தில் பாமியன் மலையிலே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நின்ற இரு புத்தர் சிலைகளை, விக்கிரகங்கள் எனக் கூறி வெடிவைத்துத் தகர்த்தார். ஒரு பொருளுக்கு மண்டியிடுவதும் இன்னொரு பொருளைத் தகர்ப்பதும் ஒரே கொள்கையிலிருந்து பிறக்க முடியுமா? முடியாது. ஒரே தேவையிலிருந்து பிறக்க முடியும். அத்தேவையின் பெயர் அதிகாரம்.

'ஆகவே சின்னங்கள் யாவற்றையும் இடித்துத் தள்ளுவதே தூய மார்க்கம்' என்று கூறுவோரும் உளர். அவர்களுடைய தூய்மையையும் சற்று உரைத்துப் பார்ப்போம். 1920-களில் சவூதிப் படையினர் மதீனாவின் பகீஉ மையவாடியிலிருந்த கல்லறைக் குவிமாடங்களைத் தகர்த்தனர். கல்லை வணங்குவது பாவம் என்றனர். 2002இல் மக்காவிலே துருக்கியர் காலத்து அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் கஃபாவைக் குனிந்து பார்க்கும் உல்லாச விடுதிகளும், அறுநூறு மீற்றர் உயரமான மணிக்கூட்டுக் கோபுரமும் எழுந்தன. பழங்கல்லுக்கு மதிப்பளித்தல் பாவமாம். அதே நிலத்தை விலைபேசுதல் பாவமன்றாம்! 2017 பெப்ரவரியில் பாகிஸ்தானின் செஹ்வான் நகரிலே, லால் ஷாபாஸ் கலந்தரின் தர்காவில் கூடியிருந்த எண்பதுக்கும் மேற்பட்டோர் குண்டுத் தாக்குதலில் மாண்டனர். மாண்டவர் பெரும்பாலும் பாமர மக்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சின்னத்தைக் காட்டி ஆள்பவனும், சின்னத்தை நாடியவரைக் கொல்பவனும் மக்களின் நெஞ்சத்துக்குத் தாமே உரிமையாளர் எனக் கருதுவதில் ஒத்தவர்களே.

இனி, அந்த அங்கிக்கு உரியவராகச் சொல்லப்படுபவரின் வாழ்வை நோக்குவோம். நாயகம் மறைந்தபோது அவருடைய போர்க்கவசம், வீட்டாரின் உணவுக்காகப் பெற்ற வாற்கோதுமைக்கு ஈடாக, ஒரு யூதரிடம் அடகிலிருந்தது. அவர் எந்த உடையில் உயிர்நீத்தார் என்பதைக் காட்ட ஆயிஷா எடுத்து வந்தவை, ஒட்டுப்போட்ட ஒரு போர்வையும் முரட்டுத் துணியாலான ஒரு கீழாடையுமே. அவருக்குப்பின் பொறுப்பேற்ற அபூபக்கர், தமது முதற் பேச்சில் எந்தப் போர்வையையும் உயர்த்திக் காட்டவில்லை. தாம் நேர்மையாக நடந்தால் உதவுமாறும், தவறினால் திருத்துமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆட்சிக்கு அவர் காட்டிய அத்தாட்சி அதுவே. திருத்தும் உரிமையை மக்களிடமிருந்து பறித்த பிறகுதான் ஆள்வோருக்கு அங்கி தேவைப்பட்டது.

காந்தகாரில் அன்று சூட்டப்பட்ட பட்டம் அழியவில்லை. 2021 ஆகஸ்டில் தலிபான்கள் காபூலை மீண்டும் கைப்பற்றினர். அவர்களுடைய தலைவர் அதே பட்டத்தையே தாங்குகிறார். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பாடசாலைகள் பெண்பிள்ளைகளுக்கு மூடப்பட்டன. 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகங்களின் கதவும் சாத்தப்பட்டது. அறிவைத் தேடுதல் கடமை என்று போதித்தவரின் ஆடையைக் காட்டிப் பெற்ற பட்டம், சிறுமிகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிக்கிறது. நாள்தோறும் வகுப்பறையில் பெண்பிள்ளைகளின் முகங்களைக் காணும் நம்மைப் போன்றோர் இதனைத் தூரத்துச் செய்தியாக வாசித்துவிட்டு அமைதி கொள்ளுதல் இயலாது.

அங்கியை எரிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதனைத் தொட்டுக் கண்ணீர் விடும் ஏழையைத் தடுக்க வேண்டும் என்றும் கூறவில்லை. அது பேழையிலே இருக்கட்டும். அன்புடையோர் கண்டு செல்லட்டும். ஆனால் அதனை எடுத்து உயர்த்திக் காட்டி 'நான் உங்கள் தலைவன்' என்று ஒருவன் கூறும்போது, கூட்டத்திலிருந்து ஒரு குரலாவது எழ வேண்டும்: "அங்கி நாயகத்தினுடையது, அதனுள் நுழைந்த கை யாருடையது?"

அக்கேள்வியைக் கேட்கவல்ல பிள்ளைகளை உருவாக்கும் இடந்தான் பாடசாலை. அவர்கள் முதலில் பாடசாலையை ஏன் மூடினார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?