யாரா கப்பலின் இரண்டு விடியற்காலைகள்



1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒல்லாந்து நீர்மூழ்கிக் கப்பலொன்று 13 பேரைக் கடலில் கண்டெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுவந்ததைச் சொல்வதில்லை. 'யாரா' என்ற அவுஸ்திரேலியக் கப்பலின் 151 பேரில் மிஞ்சியவர்கள் அவ்வளவுதான்.

யாரா 'ஸ்லூப்' வகைப் போர்க்கப்பல். 1930 இலண்டன் கடற்படை ஒப்பந்தம், வல்லரசுகள் எவ்வளவு போர்க்கப்பல் வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் சேராத வகையொன்றும் இருந்தது. 2,000 தொன்னைத் தாண்டக்கூடாது, டொர்பிடோ இருக்கக்கூடாது, மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட பீரங்கி நான்குக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 20 கடல்மைலைத் தாண்டக்கூடாது. பிரித்தானியாவும் அதன் டொமினியன்களும் இந்த இடைவெளிக்குள் ஸ்லூப்களைக் கட்டின. வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகவும், ஏகாதிபத்தியத்தின் கொடியைத் தூரக் கரைகளில் காட்டவும் அவை போதும். பெரிய கப்பலோடு மோதுவதற்கு அவை வரையப்படவே இல்லை.

யாரா சிட்னியின் கொக்கட்டூ தீவில் கட்டப்பட்டு 1936 ஜனவரியில் சேவைக்கு வந்தது. 1,060 தொன். நான்கு அங்குலப் பீரங்கிகள் மூன்று. வேகம் மணிக்கு 16½ கடல்மைல்.

1942 பெப்ரவரி 5இல் சிங்கப்பூருக்கு அருகே எரிந்துகொண்டிருந்த 'எம்பிரஸ் ஒஃப் ஏசியா' கப்பலிலிருந்து 1,804 பேரை இந்தச் சின்னக் கப்பல் காப்பாற்றியது. அடுத்த மாதம், மார்ச் 4 விடியற்காலை, ஜாவாவுக்குத் தெற்கே மூன்று கப்பல்களுக்குக் காவலாகப் போகையில் யப்பானின் மூன்று கனரகக் குரூசர்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றிலும் எட்டு அங்குலப் பீரங்கிகள் பத்து. கப்டன் ரொபர்ட் ரான்கின் மற்றக் கப்பல்களைச் சிதறிப்போகச் சொன்னார். புகைத்திரை போட்டுவிட்டு, தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். நான்கு கப்பல்களும் மூழ்கின. ரான்கினும் இறந்தார். மிதவைகளில் ஏறிய 34 பேரில் ஐந்து நாட்களின் பின் உயிரோடு இருந்தவர்களே அந்த 13 பேர். இந்தத் துணிவுக்காகக் கப்பலுக்கு அவுஸ்திரேலியா கௌரவம் அறிவித்தது 2013இல்தான்.

இத்துடன் பாடத்தை முடித்தால் வகுப்பு நெகிழ்ந்துபோகும். ஆனால் இதே கப்பலுக்கு இன்னொரு விடியற்காலையும் உண்டு.

1941 ஓகஸ்ட் 25. ஈரான் நடுநிலை நாடு. எண்ணெயும் ரஷ்யாவுக்கான பாதையும் தேவைப்பட்டதால், ஜேர்மானியர் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் போர்ப் பிரகடனமின்றி உள்ளே நுழைந்தன. கொரம்ஷாரில் துறையில் கட்டி நின்ற ஈரானிய ஸ்லூப்பான 'பாப்ர்' மீது இருட்டோடு வந்து சுட்டது யாராதான். பாப்ர் கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கியது. ஈரானின் கடற்படைத் தளபதி பாயந்தோரும் அன்றே கொல்லப்பட்டார்.

அன்று யாராவின் கப்டன் வேறொருவர் என்பது உண்மை. கட்டளை மேலிருந்து வந்ததும் உண்மை. ஆனால் பாப்ரில் இறந்தவர்களின் தாய்மாருக்கு அது என்ன ஆறுதல்?

நம்மில் சிலர் மார்ச் 4ஐ மட்டும் பகிர்ந்து கைதட்டுவோம். சிலர் ஓகஸ்ட் 25ஐ மட்டும் எடுத்து, "ஏகாதிபத்தியக் கூலிகள், மூழ்கினால் என்ன" என்போம். இரண்டுமே அரைப் பாடம் என்பதே எங்கள் கருத்து. பின்னால் காட்டிய வீரம் முன்னால் நடந்த அநியாயத்தைக் கழுவாது. அநியாயத்தைச் சொல்வதற்காக, 34இலிருந்து 13 ஆகிய அந்த மனிதர்களின் வேதனையை மறைக்கவும் தேவையில்லை. பிடிக்காத கூட்டத்தாரைப் பற்றியும் நீதமாகச் சாட்சி சொல்லுமாறுதான் மார்க்கம் நம்மிடம் கேட்கிறது.

இது தூரத்துக் கடல் விஷயம் மட்டுமல்ல. நம் நாட்டில் ஒவ்வொரு சமூகமும் தன் வீரரையும் தன் மையித்தையும் மட்டும் எண்ணிப் பழகிவிட்டது. அடுத்தவரின் இழப்பையும் எண்ணப் பிள்ளைகள் எங்கேயாவது பழக வேண்டும். கோபம் குறைவாக இருக்கும் இப்படியான ஒரு கதையில் தொடங்குவது இலகு.

ஆகவே வரலாறு படிப்பிக்கும் சகோதர, சகோதரிகளே, இரண்டு திகதிகளையும் ஒரே கரும்பலகையில் எழுதுங்கள். தீர்ப்பை நாம் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் பேசட்டும்.