திருப்பி அனுப்பும் நாயுடன் உண்மையும் செல்லட்டும்

வீட்டில் ஒருவருக்குக் கடுமையான நோய் என்று தெரிந்தவுடன் உற்றார் கூறும் ஆலோசனைகளுள் ஒன்று, "முதலில் அந்த நாயை எங்காவது விட்டுவிடுங்கள்" என்பது. அக்கறையால் எழும் சொல்தான் அது. ஆயினும் அச்சொல்லைக் கேட்டு, காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த நாயை மீண்டும் காப்பகத்திலேயே கொண்டுபோய் விடும் குடும்பங்கள் உண்டு. அந்த நாய்க்கு இன்னொரு வீடு கிடைப்பது பெரிதும் அதை அனுப்புகிறவர்களின் கையிலேயே இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

நாயை அனுப்பத்தான் வேண்டுமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலான நோய்களுக்கு அது தேவைப்படுவதில்லை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும் என்றே மருத்துவர்கள் பல நேரங்களில் கூறுகின்றனர். நாயின் கழிவை வேறொருவர் அகற்ற வேண்டும். புண்ணை நாய் நக்க விடலாகாது. தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நாய்க்குத் தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் காலந்தவறாமல் தர வேண்டும். கருவுற்ற பெண்கள் அஞ்சும் டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் கழிவோடு தொடர்புடையது. அதற்காக நாயை வெளியேற்றுவதில் பொருளில்லை.

சிகிச்சை நடக்கும் சில மாதங்களுக்கு மட்டும் நாயைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தால், உறவினர் வீடோ நண்பர் வீடோ போதும். சில காப்பகங்கள் தற்காலிகமாக வளர்த்துத் தரும் குடும்பங்களையும் அறிந்திருக்கும். கேட்டுப் பார்க்காமலே நிரந்தரமாகப் பிரிந்துவிடுவது நாய்க்கும் நோயாளிக்கும் வேண்டாத துயரம்.

இருப்பினும் பிரிந்தே தீர வேண்டிய நிலையும் வரும். பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவர் தனியாக வாழ்பவராக இருக்கலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவரால், சங்கிலியை இழுத்தோடும் நாயைப் பிடித்து நடக்க இயலாது. குழந்தையின் ஆஸ்துமா எவ்வளவு மருந்துக்கும் அடங்காமல் போகலாம். இத்தகையோர் நாயைப் பொறுப்புடன் காப்பகத்தில் ஒப்படைப்பது குற்றமன்று. அதற்காக அவர்கள் தலைகுனியவும் வேண்டியதில்லை. தெருவில் இறக்கிவிட்டு வருவதுதான் குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியை அடுத்து வந்த 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதைத் தண்டனைக்குரிய செயலாக்கியிருக்கிறது.

காப்பகத்தில் ஒப்படைக்கும்போது சொல்லப்படும் காரணமே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நோயின் பெயரை வெளியே சொல்லக் கூசும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அதனால் "மிகவும் குரைக்கிறது", "சேட்டை தாங்கவில்லை" என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிடுகின்றனர். அந்தச் சொல் நாயோடு ஒட்டிக்கொள்கிறது. தத்தெடுக்க வருபவர், "ஏன் திருப்பி விட்டார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். பதிவேட்டில் உள்ள விடையைக் கேட்டு அடுத்த கூண்டை நோக்கி நகர்வார். எக்குற்றமும் செய்யாத நாய், மனிதரின் கூச்சத்துக்காகக் கூண்டிலேயே முதுமையடைகிறது.

இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. நாய் ஒருமுறை கடித்திருக்கும். சொன்னால் காப்பகம் ஏற்காது என்று அஞ்சி மறைத்துவிடுவர். அப்பொய்யின் விலையை அடுத்த வீட்டுக் குழந்தை கொடுக்க நேரிடலாம். கடித்த சூழ்நிலையை விளக்கினால், அந்த நாய்க்கு ஏற்ற, குழந்தைகள் இல்லாத வீட்டைக் காப்பகத்தார் தேட முடியும்.

ஆகவே நாயுடன் ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள். வயது, தடுப்பூசி போட்ட நாட்கள், கருத்தடை விவரம், உணவும் நேரமும், குழந்தைகளிடமும் பிற நாய்களிடமும் பழகும் விதம், பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சுமா, எவரையேனும் கடித்ததுண்டா ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இறுதியில், "வீட்டில் ஒருவருக்கு உடல்நலமின்மை, நாயிடம் குறையில்லை" என்பது உண்மையானால் அதையும் எழுதுங்கள். நோயின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை. அது படுத்துறங்கிய துணியொன்றையும் உடன் கொடுத்தால், பழகிய மணம் புதிய இடத்தில் ஆறுதல் தரும்.

நோய் நீங்கிய பின் நாய் வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். மருத்துவரின் இசைவு பெற்றபின், குட்டியைத் தேடாமல், திரும்பி வந்த வளர்ந்த நாயைப் பாருங்கள். அதன் குணம் ஏற்கெனவே ஒரு வீட்டில் தெரிந்தது. குட்டியைப் போல் கடித்துக் குதறி ஓயாமல் ஓடும் பருவத்தையும் அது கடந்திருக்கும். காப்பகக் கூண்டில் காணும் நடத்தையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அச்சம் அடங்க 3 நாள், வீட்டு ஒழுங்கு பழக 3 வாரம், தன் வீடென்று உணர 3 மாதம் என்பது நாய்களை வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. முதல் வாரத்திலேயே பொறுமையிழந்தால் அதே நாய் இரண்டாம் முறையும் திரும்ப நேரிடும். பழகிய நாயே கடித்தாலும் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மருத்துவமனையில் சேரும் நாளில், உடனிருந்து கவனிப்பவர் யாரென்று கேட்கிறோம். வீட்டில் காத்திருக்கும் உயிரை யார் கவனிப்பார் என்ற கேள்வியும் அப்போதே எழ வேண்டும். விடை தெரிந்திருந்தால் நோயாளியின் மனச்சுமை ஒன்று குறையும். அவசரத்தில் எடுக்கும் தவறான முடிவும் தவிர்க்கப்படும்.