தடுப்பூசி அட்டையும் ஒரு வருகைப் பதிவேடுதான்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் அழுதான். ஆசை ஆசையாக வாங்கி வளர்த்த ராஜபாளையம் குட்டி, பார்வோ காய்ச்சலில் போய்விட்டது. ஐந்து நாள் குளுக்கோஸ், ஊசி என்று கையிலிருந்த பணமும் கரைந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தவனிடம், "அட்டையில் முதல் தவணை ஊசி மட்டும்தான் பதிவாகியிருக்கிறது" என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. "ஒரு ஊசி போட்டேனே சார், அது கணக்கில் வராதா?" என்று கேட்டான்.

வராதப்பா. காரணம் சொல்கிறேன். குட்டிக்குத் தாயிடமிருந்து சீம்பாலில் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது உடம்பில் இருக்கும்வரை நாம் போடும் ஊசியைச் சரியாக வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒன்றோடு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

நாய்களுக்கான பாலிசிகளில் பொதுவாக இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, தடுப்பூசி, பூச்சி மருந்து, வருடாந்திரப் பரிசோதனை ஆகியவற்றின் செலவைக் கம்பெனி தராது. இரண்டு, வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ போன்ற ஊசியால் தடுக்கக்கூடிய நோய் வந்தால், ஊசி போட்டதற்கு அத்தாட்சி இருந்தால்தான் பணம். "ஊசிக்கும் காசு தரமாட்டான், ஊசி போடாவிட்டாலும் காசு தரமாட்டான், இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றும்.

நம் சிவகாசிக்காரர்களுக்கு இது புரியாததல்ல. பட்டாசு ஆலையில் மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் வைப்பது முதலாளி செலவு. அவற்றை வைக்காமலே விட்டுவிட்டு, தீப்பிடித்த பிறகு இன்சூரன்ஸ் கேட்டால் யார் கொடுப்பார்கள்? வரும் என்று தெரிந்த செலவு நம்முடையது. எதிர்பாராமல் வருவதற்குத்தான் இன்சூரன்ஸ். இந்த மட்டும் கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்பதை ஜூன் மாதமே வகுப்பில் சொல்லிவிடுவோம். பரீட்சை அன்று வாசலில் நிறுத்திச் சொல்ல மாட்டோம். பாலிசி விற்கும்போது இந்த நிபந்தனையைப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, குட்டி செத்த பிறகு எடுத்துக் காட்டுவது சரியா? முதல் பக்கத்தில், தமிழில், எந்தெந்த ஊசி, எத்தனை தவணை என்று அச்சடித்துத் தரட்டும். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன நம் ஊரில் இதற்கு என்ன பஞ்சம்?

இரண்டாவது, தீபாவளிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் வண்டியில் அடிபட்டுக் கால் ஒடிந்தால், அதற்கும் பார்வோ ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஊசி விட்டுப்போனதைக் காட்டி அந்தச் செலவையும் மறுப்பது அநியாயம். அப்படி மறுத்தால் சும்மா இருக்காதீர்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2005இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நம் மண்ணின் நாய் அது. ஆனால் அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். பிறவிக் குறையைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. வாங்கும் முன் கையைத் தட்டிப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

மாடு, ஆடு வைத்திருக்கும் சொந்தங்களே, உங்களுக்கும் இதே பாடம்தான். கோமாரித் தடுப்பூசியை 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகவே போடுகிறார்கள். முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, பிறகு வருந்திப் பயனில்லை. கால்நடைக் காப்பீட்டுக்கு காதுவில்லைதான் அடையாளம். பன்னிரண்டு இலக்க எண் அது. வில்லை விழுந்துவிட்டால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாற்றுங்கள். 2024இல் மத்திய அரசு எடுத்த முடிவின்படி பிரீமியத்தில் விவசாயி பங்கு 15 சதவீதம்தான். இவ்வளவு கிடைத்தும் ஒரு வில்லையால் இழக்கலாமா?

பணத்தை விடுங்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஐ உலக வெறிநோய் தினமாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு வைத்தியம் இல்லை. நாய்க்குப் போடும் ஊசி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

அந்த மாணவன் இன்னொரு குட்டி வாங்கப் போகிறானாம். "முதலில் அட்டையை வாங்கி வை, அப்புறம் குட்டியை வாங்கு" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்தான்.

நீங்களும் இன்று ராத்திரி பீரோவைத் திறந்து அந்த அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி, ஊசி மருந்தின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாளைக் காலையே டாக்டரிடம் போங்கள்.