பழைய குழியில் புதுக் கன்று வேண்டாம்

பட்டுப்போன தென்னையை வெட்டிச் சாய்த்த கையோடு அதே இடத்தில் கன்றை நடுவது பலருக்கும் பழகிப்போன வேலை. வரிசை கெடக்கூடாது, வாய்க்கால் தயாராக இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். பல ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்து, காய்க்கிற நேரத்தில் அடிமரம் செம்பழுப்பாகச் சாறு வடிக்கும்போதுதான் தவறு தெரிகிறது.

தஞ்சாவூர் வாடல் நோயைப் பரப்பும் கானோடெர்மா பூஞ்சாணம், மரம் போன பிறகும் தூரிலும் வேரிலும் உயிரோடு கிடக்கும். 1952 புயலுக்குப் பின் தஞ்சைக் கடலோரத்தில் தென்பட்டதால் வந்த பெயர் அது. தண்ணீர் நிற்காத மணல் நிலமே அதற்குத் தோது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரை நம் கடலோரமும் அப்படிப்பட்ட மண்தான். இமாசலத்து ஆப்பிள் விவசாயிகளுக்கும் இதே தலைவலி உண்டு. பழைய மரம் நின்ற இடத்தில் நட்ட கன்று, மண்ணில் பெருகிக் கிடக்கும் பூஞ்சாணத்தாலும் நூற்புழுவாலும் வளராமல் குட்டையாக நின்றுவிடுகிறது.

எனவே தூரை வேரோடு தோண்டி எரித்துவிட வேண்டும். 25 அடி இடைவெளித் தோப்பில் நான்கு பழைய குழிகளுக்கு நடுவே புதுக்குழி எடுத்தால், ஒவ்வொன்றிலிருந்தும் 17 அடிக்கு மேல் விலகிவிடும். வரிசை மாறட்டும், பரவாயில்லை. மூன்றடிக் குழியில் தொழு உரத்தோடு வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்து இடலாம். நோய் கண்ட மரத்தைத் தொட்டு ஓடும் தண்ணீர் நல்ல மரத்துக்குப் போகக்கூடாது, வட்டப்பாத்தியே நல்லது. தண்ணீர் வசதி இருந்தால் ஊடே வாழை வைக்கலாம்.

செலவுதான் சிக்கல். 2018 கஜா புயலுக்குப் பின் மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தது. அதில் வெட்டி அகற்ற ஒதுக்கியது 500. அந்தப் பணத்தில் பொக்லைன் வைத்துத் தூரையும் எடுக்க முடியுமா? மறுநடவு மானியம் தரும்போது கன்றுக்கு முன்னால் தூர் எடுக்கும் செலவைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

மீஞ்சூர் வட்டாரத்துக்கு இன்னொரு சோதனை. சென்னைக்கும் ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்த பகுதி இது. ஆழ வேரோடிய பழைய மாமரம் தாக்குப்பிடித்திருக்கலாம். இளங்கன்று அந்த உப்பைத் தாங்காது. கன்று வாங்கும் முன் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வட்டார வேளாண் அலுவலர்கள் மறுநடவு விண்ணப்பத்தோடு இந்த முடிவையும் கேட்டு வாங்கலாம்.